சுவரில் ஒட்டிய அரசாணை

1610 ஜூலையில் இங்கிலாந்தின் மக்களவை தன் மனக்குறைகளைத் தொகுத்து மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் விண்ணப்பமாகக் கொடுத்தது. நீண்ட அந்த விண்ணப்பத்தில் அரச பிரகடனங்களைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. நாடாளுமன்றம் இயற்றாததை எல்லாம் மன்னர் பிரகடனத்தின் வழியே கொண்டுவருகிறார், இவை மெல்ல மெல்லச் சட்டத்தின் வலிமையைப் பெற்றுவிடும் என்ற அச்சம் குடிமக்களிடையே பரவியிருக்கிறது என்றார்கள். இது எந்த நாடாளுமன்றமும் எழுப்பக்கூடிய புகார்தான். அதை ஒட்டியே இன்னொரு புகாரையும் சேர்த்திருந்தார்கள். பிரகடனங்கள் இப்போது நாடாளுமன்றச் சட்டங்கள் அச்சாகும் அதே தோற்றத்தில் அச்சாகின்றன, அவற்றுக்கு இதுவரை இல்லாத மதிப்பையும் நிலைப்பையும் தரும் எண்ணம் இதில் தெரிகிறது என்பதே அது.

அச்சிட்ட வடிவத்தின் மேல் ஒரு நாடாளுமன்றம் குற்றம் சாட்டிய இந்த இடம் ஆரம்பகால ஆங்கில அச்சின் வரலாற்றிலேயே கூர்மையான தருணங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். அவர்கள் வெற்றுச் சந்தேகத்தில் பேசவில்லை. ஜேம்ஸ் அரியணை ஏறியது முதல் வெளியான பிரகடனங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து அரசரின் அச்சகர் ராபர்ட் பார்க்கர் 1609இல் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். சந்தையில் ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து, கிழிந்து போயிருக்க வேண்டிய தாள்கள் அட்டைக்குள் அடங்கி அலமாரிக்கு வந்துவிட்டன. வழக்கறிஞர்கள் நிறைந்த அந்த அவைக்கு இதன் பொருள் உடனே விளங்கியது. அலமாரியில் இருப்பதை மேற்கோள் காட்டலாம். மேற்கோள் காட்டப்படுவது நாளடைவில் முன்னுதாரணமாகும்.

பிரகடனம் என்பது முதலில் காதால் கேட்கும் ஒன்று. முரசறைந்து சொல்வது எல்லா நாட்டு மன்னர்களுக்கும் பொது. இங்கிலாந்தில் மன்னர் கையெழுத்திட்ட மூலப்படிக்கு அரசின் பெருமுத்திரை இடப்படும். பிறகு ஒவ்வொரு கவுண்டியின் ஷெரிஃபுக்கும் பெருநகரங்களின் மேயர்களுக்கும் ஆணை போகும். சந்தை கூடும் நாளில், ஊர் நடுவே இருக்கும் சிலுவைத் தூணருகே அதை உரக்கப் படிப்பார்கள். லண்டனில் சீப்சைட் தெருவின் சிலுவைத் தூண் அதற்குப் பேர்போன இடம். 1603 மார்ச் 24 அன்று எலிசபெத் இறந்த சில மணி நேரத்துக்குள் ராபர்ட் செசில் புதிய மன்னரின் பெயரை ஒயிட்ஹாலில் அறிவித்துவிட்டு, மறுபடியும் படிப்பதற்காகப் போய்ச் சேர்ந்தது சீப்சைடுக்குத்தான். படித்து முடித்த தாளை ஒட்டி வைப்பார்கள். சட்டப்படி பார்த்தால் வாயால் அறிவிப்பதே பிரகடனம். அச்சிட்ட தாள் அதன் நகல் மட்டுமே.

அந்த நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கென்று ஓர் இலக்கணம் இருப்பது தெரியும். ஒருபக்கம் மட்டும் அச்சான பெரிய தாள். செய்தி நீண்டால் இரண்டு மூன்று தாள்களைக் கீழே கீழே ஒட்டிக்கொள்வார்கள். உச்சியில் அரச சின்னம். அதன் கீழ் 'மன்னரால்' அல்லது 'அரசியால்' என்ற ஒற்றை வரி. மரத்தில் செதுக்கிய அலங்காரப் பெரிய எழுத்தோடு உரை தொடங்கும். முடிவில், எந்த அரண்மனையிலிருந்து, ஆட்சியின் எந்த ஆண்டில், எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்ற விவரம். பிறகு மன்னரைக் கடவுள் காக்கட்டும் என்ற வாழ்த்து. அடியில் அச்சகரின் பெயர். எழுத்து பெரும்பாலும் 'பிளாக் லெட்டர்' எனப்படும் தடித்த, கோணங்கள் மிகுந்த வகை. மற்ற புத்தகங்களில் ரோமன் எழுத்து பரவி வெகுகாலமான பின்பும் பிரகடனங்கள் இந்தப் பழைய எழுத்தை விடவில்லை. எழுதப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் முதலில் பழகியது இந்த எழுத்தில்தான். ஆகவே கொஞ்சமே படித்தவர்களும் இதை எழுத்துக் கூட்டிவிடுவார்கள். சட்ட நூல்களும் பைபிளும் நெடுங்காலம் இதே எழுத்தில் வந்ததால் அதிகாரத்தின் சாயலும் அதில் படிந்திருந்தது.

ஒற்றைத் தாளின் கதை ஆங்கில அச்சின் கதையோடு சேர்ந்தே பிறந்தது. வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தார். அங்கே அச்சானவற்றில் தேதி தெரிந்த மிகப் பழையது புத்தகம் அன்று; ஒரு பாவமன்னிப்புச் சீட்டு. வாங்குபவரின் பெயருக்கு இடம் விட்டு அச்சிட்ட படிவம் அது. அந்த இடத்தில் ஹென்றி லாங்லி, அவர் மனைவி கேதரின் ஆகியோரின் பெயர்களும் 1476 டிசம்பர் 13 என்ற நாளும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கேக்ஸ்டன் இங்கிலாந்தில் தேதியிட்டு அச்சிட்ட முதல் நூலான தத்துவ ஞானியரின் பொன்மொழித் தொகுப்பு அடுத்த ஆண்டு நவம்பரில்தான் முடிந்தது. அதே காலத்தில் கேக்ஸ்டன் தன் கடைக்காக ஒரு சிறு விளம்பரத்தையும் அச்சிட்டார். தேவாலய வழிபாட்டு முறை நூல் மலிவாகக் கிடைக்கும், வெஸ்ட்மின்ஸ்டருக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். கீழே லத்தீனில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இந்தத் தாளை இங்கேயே விட்டுவையுங்கள். ஒட்டிய தாள் நிலைக்காது என்பதை அச்சுத் தொழில் தன் முதல் நாட்களிலேயே அறிந்திருந்தது. அந்த விளம்பரத்தில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே படிகள்.

அரசு இந்தக் கருவியைக் கையில் எடுக்க வெகுகாலம் ஆகவில்லை. ஏழாம் ஹென்றியின் ஆட்சியிலேயே அரசரின் அச்சகர் என்ற பதவி உருவானது. வில்லியம் ஃபாக்ஸ், அவருக்குப் பின் ரிச்சர்ட் பின்சன், 1530 முதல் தாமஸ் பெர்த்தலெட் என்று அது தொடர்ந்தது. அந்தப் பதவியில் வருமானம் உறுதி, ஆபத்தும் உறுதி. பின்னர் அதே பதவியில் இருந்த ரிச்சர்ட் கிராஃப்டனுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. 1553 ஜூலையில் ஆறாம் எட்வர்ட் இறந்தபின், லேடி ஜேன் கிரேயை அரசி என்று அறிவிக்கும் பிரகடனம் அவர் அச்சகத்தில்தான் அச்சானது. வழக்கப்படியே அடியில் தன் பெயரைப் போட்டு, அரசியின் அச்சகர் என்று குறித்தார். ஒன்பது நாட்களில் ஜேனின் ஆட்சி கவிழ்ந்து மேரி அரசியானார். கிராஃப்டன் சிறைக்குப் போனார். பதவி ஜான் காவுட்டுக்குப் போனது. அந்தத் தாளின் உரையை எழுதியவர்கள் அரசவையினர். ஆனால் தாளில் தன் பெயரைப் பொறித்திருந்தவர் அச்சகர்.

பிரகடனத்துக்குச் சட்டத்தில் உள்ள இடம் அப்போதும் தெளிவாக இல்லை. எட்டாம் ஹென்றி 1539இல் நாடாளுமன்றத்தின் வழியாகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார். மன்னர் தன் ஆலோசனை சபையோடு கலந்து வெளியிடும் பிரகடனங்களை, நாடாளுமன்றச் சட்டங்களைப் போலவே மதித்து நடக்க வேண்டும் என்றது அது. உயிரையும் சொத்தையும் பறிக்க அதைப் பயன்படுத்த முடியாது என்ற வரம்புகளும் உடன் இருந்தன. ஹென்றி இறந்த 1547ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. 1550இல் இதே கிராஃப்டன், எட்வர்டின் பிரகடனங்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக அச்சிட்டார். ஆகவே தொகுப்பதில் பார்க்கர் முதல்வர் அல்லர். 1609இல் புதிதாக இருந்தது, அந்தத் தொகுப்பைப் பார்த்து அஞ்சிய வாசகர்கள்.

பிரகடனங்கள் எந்த அளவுக்குப் பலித்தன என்பதை அவை திரும்பத் திரும்ப வெளியானதிலிருந்தே ஊகிக்கலாம். யார் எந்தத் துணி உடுத்தலாம், கழுத்துப்பட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற விதிகளை எலிசபெத் தன் ஆட்சிக்காலம் முழுவதும் மறுபடி மறுபடி அறிவித்துக்கொண்டே இருந்தார். லண்டன் நகர வாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் புதுவீடு கட்டக் கூடாது என்று 1580இல் பிரகடனம் வந்தது. அவர் ஆட்சியின் கடைசியில் மீண்டும் வந்தது. ஜேம்ஸும் அதைத் தொடர்ந்தார். லண்டன் வளர்ந்துகொண்டே இருந்தது.

இங்கே 1579ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசின் தாளும் குடிமகனின் தாளும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு அது. பிரான்ஸ் மன்னரின் தம்பியும் கத்தோலிக்கருமான அஞ்சூ கோமகனை எலிசபெத் மணக்கப்போகிறார் என்ற பேச்சு பலத்திருந்தது. ஜான் ஸ்டப்ஸ் என்ற வழக்கறிஞர் இந்தத் திருமணம் இங்கிலாந்தை விழுங்கப் பார்க்கும் பெரும்பள்ளம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். ஹியூ சிங்கிள்டன் அச்சிட்டார். வில்லியம் பேஜ் பரப்பினார். செப்டம்பர் 27 அன்று அரசி ஒரு பிரகடனம் வெளியிட்டார். நூலின் படிகளைக் கைப்பற்றி அழிக்க வேண்டும் என்பதே அதன் கட்டளை. அதற்கு மூன்று வாக்கியம் போதும். ஆனால் அந்தப் பிரகடனம் வழக்கத்துக்கு மாறாக மிக நீளமானது. கோமகன் எவ்வளவு நல்லவர், அரசி தன் மக்களின் மதத்தை எவ்வளவு அக்கறையோடு காத்துவந்திருக்கிறார், இந்த ஆசிரியர் எப்படித் திரித்துப் பேசுகிறார் என்று அது வாதாடியது. ஸ்டப்ஸின் நூலைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அப்படி ஒரு நூல் இருக்கிறது, அதில் இன்னது எழுதியிருக்கிறது என்பதைச் சந்தைதோறும் படித்துக் காட்டியது அரசின் பிரகடனமே.

தண்டனை கொடுமையாக இருந்தது. மேரியும் அவர் கணவர் பிலிப்பும் ஆண்ட காலத்துச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து ஸ்டப்ஸையும் பேஜையும் தண்டித்தார்கள். அரசியின் கணவரைக் காக்க இயற்றிய சட்டம் இப்போது செல்லுமா என்று கேட்ட நீதிபதி ராபர்ட் மான்சனுக்குச் சிறைதான் கிடைத்தது. அச்சகர் சிங்கிள்டன் மன்னிக்கப்பட்டார். நவம்பர் 3 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மற்ற இருவருடைய வலது கையையும் வெட்டினார்கள். கை துண்டானதும் ஸ்டப்ஸ் இடது கையால் தொப்பியைக் கழற்றி, அரசியைக் கடவுள் காக்கட்டும் என்று கூவி மயங்கி விழுந்தார். நேரில் நின்று பார்த்த வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன், கூட்டம் வாயடைத்து நின்றதாக எழுதியிருக்கிறார். ஸ்டப்ஸ் அதற்குப் பிறகும் எழுதினார், இடது கையால். இடக்கையன் என்று பொருள்படும் 'ஸ்கேவா' என்ற லத்தீன் சொல்லைக் கையெழுத்தோடு சேர்த்துக்கொண்டார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அஞ்சூ திருமணம் நடக்கவே இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பிரகடனத்தின் அந்த நீளம். கட்டளையிடும் அதிகாரம் உள்ளவர் காரணம் சொல்லத் தொடங்கினால், காரணத்தை எடைபோடும் உரிமையையும் கேட்பவர்களிடம் கொடுத்துவிடுகிறார். அச்சுக்கு முன்பும் மன்னர்கள் காரணம் சொன்னதுண்டு. ஆனால் அதே எழுத்தில், அதே தாளில், செயின்ட் பால் தேவாலய வளாகத்துக் கடைகளில் எதிர்த்தரப்பின் காரணமும் விற்கப்படும் நிலையை அச்சு தந்தது.

இனி 1610க்கு வரலாம். மக்களவையின் விண்ணப்பத்துக்குப் பதில் தேட வேண்டிய நிலையில், செப்டம்பர் 20 அன்று தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கை அரசவையினர் அழைத்தார்கள். இரண்டு கேள்விகள் கேட்டார்கள். லண்டனில் புதுக் கட்டடங்களைப் பிரகடனத்தால் தடுக்க முடியுமா? கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை தயாரிப்பதைத் தடுக்க முடியுமா? சட்டைக் கழுத்துப்பட்டைகளை விறைப்பாக்க அந்தப் பசை ஏராளமாகச் செலவானது. உணவுத் தானியம் வீணாகிறது என்பது அரசின் வாதம். கோக் உடனே பதில் தரவில்லை. இது பெரிய விஷயம், மற்ற நீதிபதிகளோடு கலந்து சொல்கிறேன் என்றார். பிறகு வந்த முடிவு இங்கிலாந்தின் அரசியல் சட்ட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. இதுவரை குற்றமாக இல்லாததைப் பிரகடனத்தால் குற்றமாக்க மன்னரால் முடியாது. நாட்டின் சட்டம் தருகிற அதிகாரத்துக்கு மேல் மன்னருக்கு வேறு அதிகாரம் இல்லை. இருக்கும் சட்டத்தை மக்களுக்கு நினைவூட்டவும் மீறாதபடி எச்சரிக்கவும் மட்டுமே பிரகடனம் உதவும். வீட்டுச் சுவரையும் கழுத்துப்பட்டையின் கஞ்சியையும் பற்றிய கேள்விகளிலிருந்து இவ்வளவு பெரிய விடை பிறந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து வடிவத்தைப் பற்றிய சண்டை எண்ணிக்கையைப் பற்றியதாக மாறியது. 1641 அக்டோபரில் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. 1642 ஜனவரி முதல் நாள் மன்னர் முதலாம் சார்லஸ் கிளர்ச்சிக்காரர்களைத் துரோகிகள் என்று அறிவித்தார். அந்தப் பிரகடனத்தில் 40 படிகளுக்கு மேல் அச்சிடக் கூடாது என்று அச்சகருக்கு உத்தரவு போயிருந்தது வெளியே தெரியவந்ததும் நாடாளுமன்றம் கொதித்தது. நெஞ்சாரக் கண்டிக்கும் மன்னர் ஏன் நாற்பதோடு நிறுத்தினார் என்று கேட்டது. அயர்லாந்தில் கேட்டதைவிடக் கூடுதலாகவே அச்சிட்டோம், அவசரத்தில் அனுப்பக் கையெழுத்திட வேண்டிய படிகள் அவை என்று மன்னர் தரப்பு பதில் தந்தது. இந்தப் பதிலும் அச்சில்தான் வந்தது. நூறாண்டுக்கு முன் எந்த மன்னரும் தன் அச்சகருக்கு இட்ட உத்தரவை விளக்கிக் குடிகளுக்கு அறிக்கை தந்திருக்க மாட்டார். ஓர் ஆணை எத்தனை படி அச்சாகிறது என்பதே ஆள்பவரின் மனத்தைக் காட்டும் சாட்சியாகக் கருதப்பட்ட காலம் வந்திருந்தது.

அதன் பிறகு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே காகிதப் போர் ஆயுதப் போரை முந்திக்கொண்டு ஓடியது. தணிக்கையைக் கட்டிக்காத்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தை நாடாளுமன்றம் 1641இல் ஒழித்திருந்தது. லண்டனில் தனக்கு இடமில்லாமல் போன சார்லஸ் 1642 வசந்தத்தில் யார்க் நகருக்குப் போனபோது அச்சுப்பொறியும் உடன் போனது. படையைத் திரட்ட நாடாளுமன்றம் ஓர் ஆணை போட்டது. அதற்குக் கீழ்ப்படியக் கூடாது என்று மே 27 அன்று மன்னர் பிரகடனம் செய்தார். கவுண்டியின் ஷெரிஃப் எந்தத் தாளை உரக்கப் படிப்பது? படிப்பதும் மறுப்பதும் பக்கம் சேர்வதாகிவிட்டன.

இந்த வெள்ளத்தில் ஒரு புத்தக வியாபாரி வலை வீசினார். செயின்ட் பால் வளாகத்தில் கடை வைத்திருந்த ஜார்ஜ் தாமசன், 1640 முதல் 1661 வரை தன் கைக்கு எட்டிய துண்டுப் பிரசுரங்கள், செய்தித்தாள்கள், ஒற்றைத் தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்தார். 1640க்கு உரியவை மிகச் சில. 1642க்கு உரியவை மட்டும் ஏறத்தாழ 2,000. மொத்தம் 22,000க்கும் மேல். அவர் செய்த மிகப்பெரிய உதவி, பெரும்பாலான பிரசுரங்களின் முகப்பில் அது தன் கைக்கு வந்த தேதியை எழுதிவைத்தது. ஆண்டு மட்டுமே அச்சான பிரசுரங்களை நாள் வரிசையில் அடுக்க முடிகிறதென்றால் அதற்கு அந்த மைக்குறிப்புகளே காரணம். அரசு உரிமம் பெறாமல் வெளியான, கவிஞர் மில்டனின் 'ஆரியோபஜிடிகா' நூலின் படியில் ஆசிரியரின் அன்பளிப்பு என்ற குறிப்பும் 1644 நவம்பர் 23 என்ற தேதியும் உள்ளன. ஒருமுறை சார்லஸ் மன்னரே ஒரு பிரசுரத்தைப் படிக்க இரவல் வாங்கினார். 1647இல் வைட் தீவுக்குத் தப்பிப் போகும் வழியில் அது சேற்றில் விழுந்தது. மறக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார். நடந்ததைத் தாமசன் அந்தத் தொகுதியிலேயே எழுதிவைத்தார். சேற்றுக் கறை இன்றும் இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் 1762இல் இந்தத் தொகுப்பு முழுவதையும் 300 பவுனுக்கு வாங்கி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

தாமசனுக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர் ஹம்ஃப்ரி டைசன். லண்டனில் பத்திரங்கள் எழுதி உறுதிப்படுத்தும் நோட்டரி அவர். எலிசபெத் காலத்துப் பிரகடனங்களைத் தாள் தாளாகத் தேடிச் சேர்த்து, 1618இல் தனியாக ஒரு முகப்புப் பக்கம் அச்சிடச் செய்து, கட்டு நூல்களாக்கினார். அப்படிக் கட்டியவற்றில் சில இன்னும் நூலகங்களில் இருக்கின்றன. அவர் பத்திரப்படுத்தியிராவிட்டால் எலிசபெத்தின் பிரகடனங்கள் பலவற்றின் அச்சு முகத்தை நாம் பார்த்திருக்க முடியாது. அரசு தன் தாள்களை ஒட்டுவதற்காக அச்சிட்டது; காப்பாற்றியவர்கள் தனி மனிதர்கள். சேகரிப்பாளர்களை வரலாற்றின் ஓரத்தில் வைத்துப் பேசும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. டைசன் ஊசி நூலால் செய்ததும் ஆவணக் காப்பகத்தின் வேலையே.

அழிந்தவை அழிந்தவைதான். எட்டாம் ஹென்றியின் திருமண முறிவை எதிர்த்து அருள்வாக்குச் சொன்ன எலிசபெத் பார்ட்டன் என்ற கன்னியாஸ்திரியைப் பற்றி 1533இல் அச்சான நூலின் 700 படிகளையும் அரசு கைப்பற்றியது. ஒன்றுகூட இன்று இல்லை. வேறு பல தாள்கள் புத்தகம் கட்டுபவர்களின் கையில் சிக்கி, அட்டைக்குள் திணிக்கும் கழிவுக் காகிதமாயின. பழைய கட்டுகளைப் பழுதுபார்க்கும்போது அப்படிப்பட்ட துணுக்குகள் இப்போதும் வெளிவருகின்றன.

இருபதாம் நூற்றாண்டு இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தியது. டியூடர், ஸ்டுவர்ட் காலப் பிரகடனங்களை ராபர்ட் ஸ்டீல் 1910இல் அட்டவணைப்படுத்தினார். 1475 முதல் 1640 வரையிலான ஆங்கில அச்சு அனைத்துக்கும் பொல்லார்டும் ரெட்கிரேவும் 1926இல் பட்டியல் கொடுத்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளை டொனால்ட் விங் எடுத்துக்கொண்டார். 1930களில் அமெரிக்காவின் ஆன் ஆர்பரைச் சேர்ந்த யூஜின் பவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூல்களை மைக்ரோஃபிலிமில் எடுக்கத் தொடங்கினார். அந்தச் சுருள்களே பின்னாளில் கணினித் திரைக்கு வந்தன. 2015இல் சுமார் 25,000 நூல்களின் தட்டச்சு செய்த உரை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் விடப்பட்டது. ஒரு பிரகடனத்தின் எந்தச் சொல்லையும் இப்போது நொடியில் தேடலாம். தாளின் அளவு, ஒட்டிய விளிம்புகள், கட்டியவரின் தையல் ஆகியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரிவதில்லை. எழுத்தில்லாத பின்பக்கத்தைப் படமெடுப்பதும் அரிது. அந்தத் தாள் எந்தச் சுவரிலாவது ஒட்டப்பட்டதா, அல்லது அச்சகத்திலிருந்து நேராக டைசன் போன்ற ஒருவரின் பெட்டிக்குப் போனதா என்று அறிய, அதைப் புரட்டிப் பார்க்க நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.